நொண்டிய காலை விண்ணப்பத்தில் மறைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு லாப்ரடார் கருப்பனுக்கு இரண்டரை வயது, எடை 38 கிலோ. அவனுக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பதற்காக மூன்று பாலிசிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது மிக மலிவு; விபத்துக்கு மட்டும். இரண்டாவது, ஒவ்வொரு நோய்க்கும் 12 மாதம் வரை பணம் தரும். மூன்றாவது, ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தால் ஆயுள் முழுவதும் தரும். ஆனால் பிரீமியம் இரண்டாவதைப் போல ஒன்றரை மடங்கு. சென்ற ஆண்டு அவனுக்கு ஒருமுறை காதில் சீழ் வந்து மருந்து விட்டோம். நான்கு மாதங்களுக்கு முன்பு பின்னங்கால் ஒன்றை இரண்டு நாள் நொண்டினான். மருத்துவர் வலி மாத்திரை கொடுத்தார், சரியாகிவிட்டது. இதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுதாதே என்கிறார் நண்பர். காப்பீடே வேண்டாம், மாதாமாதம் பணம் சேர்த்துவைத்தால் போதும் என்கிறார் மனைவி. என்ன செய்யட்டும்? அம்மாவிடம் 11 வயது நாய் ஒன்று இருக்கிறது. அதற்கும் எடுக்கலாமா?

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

எந்தப் பாலிசி என்பதைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் அந்த இரண்டு நாள் நொண்டல்தான்.

எழுதுங்கள். காதையும் எழுதுங்கள், காலையும் எழுதுங்கள். நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பெரிய கிளைம் ஒன்று போகும்போது காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது நாயின் முழுச் சிகிச்சைப் பதிவேட்டைத்தான். குட்டியாக வந்த நாள் முதல் எங்கெங்கே காட்டினீர்களோ அத்தனை இடத்திலிருந்தும் கேட்பார்கள். வலி மாத்திரை கொடுத்த தேதி அதில் இருக்கும். மறைத்தது தெரிந்தால் அந்த ஒரு கிளைமை மறுப்பதோடு நிற்காமல் பாலிசியே செல்லாது என்று சொல்லவும் அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். கருப்பன் அறுவை சிகிச்சை மேசையில் இருக்கும் நேரத்தில் அந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரக் கூடாது.

'முன்பே இருந்த நோய்' என்பதைப் பலர் மருத்துவர் பெயர் சொல்லிக் கண்டறிந்த நோய் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பெரும்பாலான பாலிசிகளில் அப்படி இல்லை. பாலிசி தொடங்கும் முன்போ, தொடங்கிய பிறகும் பணம் தராத ஆரம்பக் காத்திருப்புக் காலத்திலோ ஓர் அறிகுறி தெரிந்திருந்தாலே போதும். நோய்க்கு யாரும் பெயர் வைத்திருக்க வேண்டியதில்லை. இன்று 'நொண்டல்' என்று மட்டும் பதிவாகியிருப்பது, நாளை முழங்கால் தசைநார் அறுந்தால் அதன் முதல் அறிகுறியாக வாசிக்கப்படும்.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண் நாய்க்கு இடது முழங்காலில் தசைநார் அறுந்தது. அப்போது காப்பீடு இல்லை. வீட்டார் கடன் வாங்கி அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு பாலிசி எடுத்தார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து வலது முழங்காலும் போயிற்று. இது வேறு கால், புதிய பிரச்சினை என்று நம்பித்தான் அவர்கள் கிளைம் அனுப்பினார்கள். மறுக்கப்பட்டது. இருபுறமும் உள்ள உறுப்புகளில் ஒன்றுக்கு முன்பே நோய் இருந்தால் மற்றொன்றுக்கும் இருந்ததாகவே கொள்ளப்படும் என்று ஒரு வரி பாலிசிக்குள் இருந்தது. அந்த விதி கடுமையானது. ஆனால் மருத்துவக் காரணம் இல்லாத விதி அல்ல: ஒரு காலில் இந்தத் தசைநார் அறுந்த நாய்களில் ஏறத்தாழப் பாதிக்குப் பின்னாளில் மறுகாலிலும் அறுகிறது. பெரும்பாலான நாய்களில் இது திடீர் அடியால் அறுவதில்லை, மெல்ல மெல்ல நைந்து அறுவது என்பதே காரணம். நீங்கள் பாலிசியைக் கையில் எடுத்தவுடன் 'இருபுறம்' என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடுங்கள். முழங்கால், இடுப்பு, முழங்கை, கண், காது எல்லாமே அதற்குள் வரலாம்.

ஆகவே விண்ணப்பத்துக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கருப்பனைக் கூட்டிக்கொண்டு போய், அந்தக் காலை முறையாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முழங்கால் மூட்டு ஆடுகிறதா, வீக்கம் இருக்கிறதா, இடுப்பு மூட்டை நீட்டும்போது வலிக்கிறதா என்று பார்த்து, கண்டதைத் தேதியோடு பதிவு செய்யட்டும். தேவை என்று அவர் நினைத்தால் எக்ஸ்ரே எடுக்கட்டும். 'நொண்டல், மாத்திரை' என்ற மொட்டையான இரண்டு சொற்களைவிட, 'பாதத்தில் சிராய்ப்பு, இரண்டு நாளில் குணம். இன்று இரு பின்னங்கால்களும் இயல்பு' என்ற பதிவு உங்களுக்கு ஆயிரம் மடங்கு மேல். ஒன்று மட்டும்: நடக்காததை எழுதித் தரும்படி உங்கள் மருத்துவரைக் கேட்டுவிடாதீர்கள். அவர் தொழிலுக்கே அது கேடாக முடியும். ஏதாவது கோளாறு தெரியவந்தால் அதுவும் பதிவாகும், காப்பீட்டுக்கு வெளியே போகும். அப்படியானாலும் அதை இப்போதே அறிந்து வைத்தியம் தொடங்குவது கருப்பனுக்கு நல்லது.

பிறகு அந்தப் பதிவேட்டை நிறுவனத்துக்கு அனுப்பி, "இவற்றில் எதைக் காப்பீட்டிலிருந்து விலக்குவீர்கள்?" என்று எழுத்தில் பதில் கேளுங்கள். பணம் கட்டும் முன்பே, அல்லது பாலிசி தொடங்கிய முதல் சில வாரங்களில், இப்படிப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும் நிறுவனங்கள் இருக்கின்றன. பதில் வரும்போது விலக்கின் சொற்களை நிதானமாகப் படியுங்கள். காதில் சீழ் என்பதைச் சிறிய விஷயமாக நீங்கள் நினைக்கிறீர்கள். நாய்களுக்கு வரும் தோல் ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தலைகாட்டும். பல நாய்களில் அது முதலில் தெரிவதே காதில்தான். அதனால் 'காது நோய்' என்று விலக்க வேண்டிய இடத்தில் 'காது மற்றும் தோல் நோய்கள்' என்று போட்டுவிடுவதும் உண்டு. லாப்ரடாருக்குத் தோல் நோயை விலக்கிய பாலிசி எவ்வளவு குறைப்பட்டது என்பது எனக்குத் தெரியும். அப்படி வந்தால், எந்த ஆதாரத்தில் தோலைச் சேர்த்தீர்கள் என்று கேளுங்கள். மருத்துவரிடம் விளக்கக் கடிதம் வாங்கி அனுப்புங்கள். விலக்கு நிரந்தரமா, அல்லது 12 மாதம் அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் நீக்குவார்களா என்றும் கேட்டு வாங்குங்கள். குணமாகக்கூடிய நோய்களுக்கு அப்படி நீக்கும் பாலிசிகள் உண்டு.

இப்போது உங்கள் மூன்று பாலிசிகளுக்கு வருகிறேன்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. ஒன்றரை மடங்கு பிரீமியம் வலிக்கும் என்பது தெரியும். ஆனாலும் இரண்டாவது பாலிசியை ஒரு நோயை வைத்து நடத்திப் பாருங்கள். கருப்பனுக்கு மூன்று வயதில் தோல் ஒவ்வாமை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அரிப்பு, காதுச் சீழ், பாத நக்கல், பரிசோதனைகள், மாதந்தோறும் மருந்து. இது கட்டுப்படும் நோய். விட்டுப் போகும் நோய் அல்ல. 12 மாதம் பாலிசி பணம் தரும். 13ஆம் மாதத்திலிருந்து ஒவ்வாமை உங்கள் தலையில். அடுத்த பத்து ஆண்டும் பிரீமியம் கட்டுவீர்கள், ஆனால் அதிகம் செலவு வைக்கும் நோய்க்கு அதில் ஒன்றும் வராது. இந்த நேரத்தில் வேறு நிறுவனத்துக்குப் போகவும் முடியாது. அங்கே ஒவ்வாமை 'முன்பே இருந்த நோய்' ஆகிவிடும். நீரிழிவு வந்தால் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு வேளை இன்சுலின், சாகும்வரை. வலிப்பு நோய்க்கும், தேய்ந்த மூட்டுக்கும், இதய நோய்க்கும் இதே கதை. குடும்பங்களைச் சாய்ப்பது ஒரே நாளில் வரும் பெரிய பில் மட்டும்தான் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மாதாமாதம் ஓயாமல் வரும் பில்லால் மனம் தளர்ந்து, மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கத் தொடங்கும் வீடுகளை நான் அதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன்.

விபத்துக்கு மட்டுமான பாலிசி வண்டி மோதுவது, எலும்பு முறிவு, விஷம், விழுங்கிய பொருள் போன்றவற்றோடு நின்றுவிடும். விழுங்குவதில் லாப்ரடாருக்கு ஈடு இல்லை. காலுறை, பந்து, சோளக் கதிரின் தண்டு என்று குடலிலிருந்து நான் எடுத்தவை ஏராளம். ஆனாலும் இரண்டரை வயது நாய்க்கு அது போதாது. முழங்கால் தசைநார் அறுவதை விபத்து என்று ஏற்காத பாலிசிகளே அதிகம்.

'ஆயுள் முழுவதும்' என்ற சொல்லை நம்பி மட்டும் கையெழுத்திடாதீர்கள். இரண்டைச் சரிபாருங்கள். உச்ச வரம்பு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நிரம்புகிறதா, அல்லது ஒரு நோய்க்கு வாழ்நாள் முழுவதற்கும் ஒரே தொகையா? இரண்டாவது வகையும் அதே பெயரில் விற்கப்படுகிறது. அந்தத் தொகை தீர்ந்ததும் அந்த நோய்க்குக் கதவு மூடிவிடும். அடுத்து, பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஆண்டு வரம்புக்குள் சின்னச் சின்ன வரம்புகள் ஒளிந்திருக்கின்றனவா? எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு இவ்வளவு, முழங்கால் அறுவைக்கு இவ்வளவு, தோலுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று அட்டவணை இருந்தால், உங்கள் ஊர் மருத்துவமனையில் அந்தச் சிகிச்சைகளுக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்று கேட்டு, பக்கத்தில் எழுதிப் பாருங்கள். லாப்ரடாருக்கு நான் கேட்கச் சொல்வது மூன்று: முழங்கால் அறுவை, குடலில் சிக்கிய பொருளை எடுப்பது, ஓர் ஆண்டின் ஒவ்வாமை மருந்து. டாக்ஸ்ஹண்ட் என்றால் முதுகெலும்புத் தட்டு, பக் என்றால் மூச்சுக்குழாய், டாபர்மேன் என்றால் இதயம் என்று பட்டியல் மாறும். இனத்துக்கே உரிய, பரம்பரையாக வரும் நோய்களை விலக்கும் பாலிசி மலிவாகவே கிடைக்கும். உங்கள் வீட்டில் இருப்பது லாப்ரடார். இடுப்பு மூட்டுக் கோளாறையும் முழங்கை மூட்டுக் கோளாறையும் விலக்கினால் மலிவில் என்ன பயன்?

கட்டணக் கணக்கில் ஒரு நுணுக்கம். டிடக்டிபிள் என்பது முதலில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை. கோ-பே என்பது பில்லில் உங்கள் சதவீதப் பங்கு. இரண்டும் உள்ள பாலிசியில் எதை முதலில் கழிக்கிறார்கள் என்று கேளுங்கள். பில் 1,000, டிடக்டிபிள் 200, கோ-பே 20 சதவீதம் என்று கொள்வோம். டிடக்டிபிளை முதலில் கழித்தால் 800 மிஞ்சும். அதில் 80 சதவீதம், அதாவது 640 உங்களுக்கு வரும். கோ-பேயை முதலில் கழித்தால் 800. பிறகு 200 போக, 600தான். அதைவிட முக்கியமானது, டிடக்டிபிள் ஆண்டுக்கு ஒருமுறையா, ஒவ்வொரு நோய்க்குமா, ஒவ்வொரு கிளைமுக்குமா என்பது. அடிக்கடி மருத்துவரைப் பார்க்க வேண்டிய ஒவ்வாமை நாய்க்குக் கிளைம்தோறும் டிடக்டிபிள் என்றால் சின்ன பில்கள் அத்தனையும் அதிலேயே கரைந்துவிடும். என் யோசனை: ஆண்டுக்கு ஒருமுறை கழிக்கும் டிடக்டிபிளைச் சற்று உயர்வாகவே வைத்துக்கொண்டு, அதனால் குறையும் பிரீமியத்தில் ஆண்டு வரம்பை உயர்த்திக்கொள்ளுங்கள். சின்ன பில்லை எப்படியும் சமாளித்துவிடுவீர்கள்.

பிரீமியம் இன்று இருப்பதுபோல் இருக்காது. நாய்க்கு வயது ஏற ஏற அதுவும் ஏறும். எட்டு வயதுக்கு மேல் கோ-பேயைக் கூட்டும் பாலிசிகளும் இருக்கின்றன. இதே பாலிசியில் இன்று பத்து வயது லாப்ரடாருக்கு என்ன பிரீமியம் என்று விற்பவரிடம் கேளுங்கள். நடுவழியில் கட்ட முடியாமல் விட்டால் அதுவரை கட்டியதில் கருப்பனுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. அந்தத் தொகையை உங்களால் கட்ட முடியாது என்று தோன்றினால், அதே ஆயுள் வகையிலேயே வரம்பு குறைந்த ஒன்றை எடுங்கள்.

காத்திருப்புக் காலம் நோய்களுக்குப் பெரும்பாலும் 14 முதல் 30 நாள். முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஆறு மாதம் வரை வைக்கும் பாலிசிகள் உண்டு. மருத்துவப் பரிசோதனைச் சான்று கொடுத்தால் குறைப்பவர்களும் உண்டு. நான் மேலே சொன்ன பரிசோதனை இங்கேயும் உதவும்.

தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை, பல் சுத்தம் ஆகியவை அடிப்படைப் பாலிசியில் வராது. அவற்றுக்கென்று கூடுதல் கட்டணத்தில் ஓர் இணைப்புத் திட்டம் காட்டுவார்கள். ஆண்டுக்கு அவற்றுக்கு ஆகும் செலவும் இணைப்பின் கட்டணமும் நீங்கள் முன்கூட்டியே கணக்கிடக்கூடியவை. கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள். போடாமல் விட்டு பார்வோவோ லெப்டோஸ்பைரோசிஸோ வந்தால் பெரும்பாலான பாலிசிகளில் கிளைம் கிடைக்காது. ஆண்டுக்கொரு பல் பரிசோதனை பதிவாகியிருந்தால்தான் பல் நோய்க்குப் பணம் என்ற நிபந்தனையும் பல பாலிசிகளில் உண்டு.

உங்கள் மனைவி சொல்வதில் பாதி முழு உண்மை. பெரும்பாலான பாலிசிகள் நீங்கள் முதலில் பில்லைக் கட்டிய பிறகே திருப்பித் தருகின்றன. இரவு இரண்டு மணிக்கு அவசர சிகிச்சைக்குப் போகும்போது கையில் பணம் வேண்டும். ஆகவே சேமிப்பு கட்டாயம் வேண்டும். ஆனால் சேமிப்பு மட்டும் போதும் என்பதற்கு, நோய் உங்களுக்குக் கால அவகாசம் தர வேண்டும். ஐந்தாம் மாதத்திலேயே தசைநார் அறுந்தால் ஐந்து மாதத் தொகைதான் இருக்கும். மூன்றாவது பாலிசியை எடுத்துக்கொண்டு, குறைந்தது டிடக்டிபிளும் கோ-பேயும் சேர்ந்த அளவுக்காவது தனிக் கணக்கில் பணம் சேர்த்து வையுங்கள். பெரிய தொகை ஒன்றைத் தொடாமல் ஒதுக்கி வைக்க உங்களால் இன்றே முடியும் என்றால் மட்டும், காப்பீடு இல்லாமல் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 38 கிலோ என்பது பெரும்பாலான ஆண் லாப்ரடார்களுக்கு அதிகம். லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்காமல் செய்யும் ஒரு மரபணு மாற்றம் இருப்பதை 2016இல் கண்டறிந்தார்கள். ஆகவே கருப்பன் தட்டைப் பார்த்து ஏங்குவது அவன் குற்றமாக இல்லாமலும் இருக்கலாம். 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவத்திலிருந்து சாகும்வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. ஒப்பிடுவதற்காக இணையாக வைத்த நாயைவிட 25 சதவீதம் குறைவாகத் தின்றவை ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. காலைப் பரிசோதிக்கப் போகும்போது அவன் எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு, அந்த எண்ணைச் சமையலறையில் எழுதி ஒட்டுங்கள். அந்த எடையைத் தாங்குவது நொண்டிய அந்தக் காலும்தான் என்பதை வீட்டில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கட்டும்.

அம்மாவின் 11 வயது நாய்க்கு எனக்குக் காப்பீட்டில் நம்பிக்கை இல்லை. புதிதாகச் சேர்க்கும் வயது வரம்பைப் பல நிறுவனங்களில் அது தாண்டியிருக்கும். சேர்த்துக்கொண்டாலும் பிரீமியமும் கோ-பேயும் உயரத்தில் இருக்கும். அந்த வயது நாய்க்கு உண்மையில் செலவு வைப்பவை முன்பே பதிவாகியிருப்பதால் வெளியே நிற்கும். அந்தப் பணத்தை அம்மா பெயரில் தனியாகச் சேர்த்து வையுங்கள். அதிலிருந்து முதல் செலவாக இந்த மாதமே ரத்தம், சிறுநீர், பல், இதயம் எல்லாவற்றையும் பரிசோதித்துவிடுங்கள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அது பெண் நாயாக இருந்து கருத்தடை செய்யாமல் இருந்தால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். கருப்பையில் சீழ் கட்டும் நோய் அந்த வயதில்தான் அதிகம் வருகிறது. சோர்வும், அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதும் தெரிந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றே கூட்டிப் போகச் சொல்லுங்கள்.